நடு நாற்காலிக்கு விழுந்த ஓட்டு

வாய் திறக்காமலே எலெக்‌ஷனில் ஜெயித்த ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்துவிட்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே இருக்கிறார். பெயர் மாரிமுத்து. கொழுந்து லோரியில் கெலிண்டான். அதாவது மூட்டையை ஏற்றுவது, இறக்குவது, டிரைவர் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று சைகை காட்டுவது. அப்போதுகூட "வரலாம், வரலாம்" என்று கத்தமாட்டார். கையை மட்டும் ஆட்டுவார்.

போன வாரம் இந்த மனிதர் யூனியன் கிளைச் செயலாளராகப் தோட்ட மேனேஜர் பெரிய துரையின் ஆபீசுக்குள் நுழைந்தார். அவரை உள்ளே அனுப்பியது யார்? யூனியனா? தோட்டத்து ஜனங்களா? இல்லை... டெலிவிஷன்!

அந்த டெலிவிஷன் யோசனையைக் கிளப்பியது பள்ளிக்கூடத்து டெம்பரரி டீச்சர்தான் என்று லயத்து வீடுகளில் ஒரு பேச்சு இருக்கிறது. டெம்பரரி டீச்சர் என்றால் நான்தான். பேச்சும் உண்மைதான்.

எங்கள் டேவானில் — பொது மண்டபத்தை அப்படித்தான் சொல்லுவோம் — ஒரு கலர் டிவி உண்டு. வெளியே பனி இறங்கினால் படத்திலும் பனி இறங்கும். சில மாதங்களுக்கு முன் ஒருநாள் பனி இல்லாத நேரமாகப் பார்த்து நியூஸ் வந்தது. அமெரிக்காவில் பிரசிடெண்ட் எலெக்‌ஷனாம். மேடையில் சில பேர் வரிசையாக நின்று ஒருவரை ஒருவர் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார்கள். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அத்தனை பேரும் ஒரே கட்சி! எதிர்க்கட்சியோடு மோதுவதற்கு முன்னால், யாரை நிறுத்தலாம் என்று தங்களுக்குள்ளேயே மோதிப் பார்க்கிறார்கள். அதை நாடே வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்க்கிறது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. என்ன ஒரு ஜனநாயகம்! கேள்வி கேட்கிறார்கள், பதில் சொல்லியே ஆகவேண்டும், ஒளிய இடம் கிடையாது!

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்தம்மாக்கா டக்கென்று தீர்ப்பு சொன்னார். கொழுந்து கிள்ளுவதில் எவ்வளவு வேகமோ, தீர்ப்பு சொல்வதிலும் அவ்வளவு வேகம்.

"அந்த செவப்பு டை கட்டுனவன்தான் ஜெயிப்பான்."

"ஏன்க்கா? அவர் பேசின இங்கிலீஷ் புரிஞ்சுதா?"

"அது எதுக்கு டீச்சர்? பல்லப் பாருங்க, என்னா வரிசை!"

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

நம்ம அரசியலுக்கு வருவோம். தோட்டத்தில் இரண்டு டிவிஷன். மேல் டிவிஷன் எங்களுடையது, கீழே ஃபேக்டரி டிவிஷன். யூனியன் கிளைச் செயலாளர் எலெக்‌ஷனில் மேல் டிவிஷன் ஒரே ஆளை நிறுத்தினால் அந்த ஆள் ஜெயித்தாயிற்று — தலைகள் எங்களிடம்தான் அதிகம். இரண்டு பேர் நின்றால் போச்சு. ஓட்டு பிரியும். ஃபேக்டரி டிவிஷன் ஆள் சிரித்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்காருவார். அதனால் முதலில் எங்களுக்குள் ஒரு முடிவு எடுப்போம். 'எடுப்போம்' என்பது சும்மா மரியாதைக்கு. கோயில் திருவிழா பேசுகிற சாக்கில் நாலு ஆண்கள் கூடி எடுத்துவிடுவார்கள்.

ஆனால் இந்த வருஷம் அப்படி விட முடியாது. லோரி விஷயம் வந்துவிட்டது.

எங்கள் டிவிஷனிலிருந்து மெயின் ரோடு வெகு தூரம். தானா ராத்தா இடைநிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் காலையில் கொழுந்து லோரியில்தான் போவார்கள். திறந்த லோரிதான், குளிர்தான், மழைதான்... ஆனாலும் போய்ச் சேருவார்கள். திடீரென்று ஆபீசில் நோட்டீஸ் ஒட்டினார்கள் — அடுத்த பள்ளித் தவணையிலிருந்து லோரி கொழுந்துக்கு மட்டும். பிள்ளைகள் வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டியது.

வேறு வழி எது? பள்ளியை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொழுந்துக் கூடை. வேறு என்ன?

என்னிடம் படித்த மல்லிகா இப்போது ரிமூவ் கிளாஸ், இடைநிலைப் பள்ளியில் முதல் வருஷம். பிஸ்கட் டின்னில் எழுதியிருப்பதைக்கூட இரண்டு தடவை படிக்கிற பிள்ளை. அவளுடைய அம்மா பாக்கியம் அக்கா கொழுந்துக்காட்டில் வேலை செய்பவர். அவர் ஒரு மலைக்கொண்டையில் நின்று பேசினால் அடுத்த மலையில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். "லோரிய நா கேக்குறேன். நாந்தான் செயலாளர்" என்று கிளம்பிவிட்டார். அதே நேரம் லோரி டிரைவர் ஜெயராமனும் "என் லோரிக்கு நாந்தான் பேசுவேன்" என்று கிளம்பினார். வாட்டசாட்டமான ஆள். மீசை மட்டுமே ஒரு பத்து ஓட்டு வாங்கும்.

ஒரே டிவிஷன், இரண்டு பேர். அமெரிக்கா மாதிரியே இல்லை?

"டிபேட் வைப்போம்!" என்றேன். "டிவியிலும் காட்டுவோம்!"

டிவியில் ஏன் என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கோலா தெர்லா காய்கறித் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் எப்படிப் பார்ப்பது? ஞாயிற்றுக்கிழமை டிபேட்டை வீடியோ எடுத்து, அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் டேவானில் போட்டுக் காட்டி, அங்கேயே கை தூக்கச் சொல்லிவிடலாம். எப்படி என் மூளை?

ரிங்லெட்டில் கல்யாண வீடியோ எடுக்கிற அன்புவைப் போய்ப் பார்த்தேன். ஆடி மாதம். கல்யாணமே இல்லை. கடை வாசலில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"வரேன் டீச்சர். கேமராவுக்கே தூக்கம் வருது. ரெண்டு பேரு, அவ்வளவுதான?"

"இரண்டு பேர்தான். எதிரும் புதிருமா பேசுவாங்க."

"ஜோடியா எடுத்துரலாம்லா."

அந்த 'ஜோடி'யிலாவது நான் உஷாராகியிருக்க வேண்டும்...

ஞாயிற்றுக்கிழமை டேவானுக்குள் நுழைந்தவர்கள் பொட்டு வைத்துப் பன்னீர் தெளிக்க ஆள் நிற்கிறதா என்று தேடினார்கள். மேடையில் சிவப்பு வெல்வெட், தங்கக் கலர் கால், இரண்டு கல்யாண நாற்காலி. கையோடு கை உரசுகிற மாதிரி ஒட்டிப் போட்டிருந்தான் அன்பு. பின்னால் பிளாஸ்டிக் மாலை. கேமராவை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, பெரிய லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அன்பு உத்தரவு போட்டான்.

"அண்ணே, லேசா அக்கா பக்கம் சாஞ்சுக்குங்க. அக்கா, தலையக் கொஞ்சம் குனிஞ்சாப்ல..."

"டேய், நா என்ன கல்யாணப் பொண்ணாடா? எதுக்குடா குனியணும்?"

அப்போதுதான் கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். மாரிமுத்து. சொல்ல மறந்துவிட்டேன் — பாக்கியம் அக்காவின் வீட்டுக்காரர் அவர்தான். மல்லிகாவின் அப்பா. ஜெயராமனின் கெலிண்டான்.

"இது சரிப்படாது," என்றார்.

டேவானே திரும்பிப் பார்த்தது. அவர் குரலைச் சில பேர் அன்றுதான் கேட்டார்கள்.

ஜெயராமன் சிரித்தார். "என்னடா மாரி? தெனம் லோரியில என் பக்கத்துலதான உக்காந்து வர?"

"நா உக்காரலாம். அவ உக்காரக் கூடாது."

அன்று முழுவதும் அவர் பேசியது இவ்வளவுதான். நாற்காலிகளைத் தள்ளிப் போட்டுப் பார்த்தோம். படத்தின் நடுவில் வெறும் இடம்தான் தெரிகிறது என்றான் அன்பு. கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஹெட்மாஸ்டர் நாற்காலியைத் தூக்கிவந்து நடுவில் போட்டோம். உயரமான முதுகு, கை வைத்த மர நாற்காலி. அதில் மாரிமுத்து உட்கார்ந்தார். வெளுத்த சட்டைமேல் சாம்பல் நிறக் கம்பளி, படிய வாரிய தலை. இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் டிரைவர்.

நான் முதல் கேள்வி கேட்டேன். லோரி என்ன ஆகும்?

ஜெயராமன் மீசையைத் தடவினார். "நயமாப் பேசணும். துரை நம்ம ஆளு மாதிரி. 'பாஸ், பிள்ளைங்க பாவம்'னு சொன்னா எறங்கி வருவாரு."

"நயமாப் பேசித்தான் புள்ளைங்கள விட்டுட்டு வர்ற ஆயக்கொட்டகைக்குக் கூரை வந்துச்சா? இன்னும் கைப்புள்ளைங்க மேல ஒழுகுது!"

"நீ கத்துனா அவருக்கு ரோசம் வரும் பாக்கியம்."

"வரட்டுமே! எம்புள்ள மழையில நடந்து போனா கால்ல அட்டை ஏறுது. அட்டையவிட ஒங்க துரை ரோசம் பெருசா?"

டேவான் அதிர்ந்தது. கைதட்டல், விசில். ஜெயராமன் எழுந்து நின்று கத்தினார். பாக்கியம் அக்கா உட்கார்ந்தபடியே அதைவிட உரக்கக் கத்தினார். இடையில் மாரிமுத்து. டிரைவர் பேசினால் அந்தப் பக்கம் திரும்பினார். மனைவி பேசினால் இந்தப் பக்கம். அவர் மூக்குக்கு முன்னால் மனைவியின் விரல் ஈட்டி மாதிரி நீண்டபோது, அதை மெதுவாகப் பிடித்து இறக்கிவிட்டார். அவ்வளவுதான்.

வந்திருந்தவர்களுக்குச் சந்தேகமே இல்லை. பாக்கியம்தான். வெளியே போகும்போது ஜெயராமனின் சொந்த மச்சானே அப்படித்தான் சொன்னார். நான் ராத்திரி தூங்காமல் அமெரிக்காவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. டேவான் நிரம்பி வழிந்தது. காய்கறித் தோட்டத்துக்குப் போயிருந்த முத்தம்மாக்கா முதல் வரிசையில். அன்பு டேப்பைப் போட்டான்.

டிவியில் நாதஸ்வரம் கேட்டது.

சரி, ஆரம்ப மியூசிக் என்று நினைத்தேன். நாதஸ்வரம் நிற்கவில்லை. ஜெயராமன் வாயைத் திறந்தார் — நாதஸ்வரம். பாக்கியம் அக்கா விரலை நீட்டினார் — மேளம் சேர்ந்துகொண்டது.

"அன்பு! பேச்சு எங்கே?"

"பேச்சா? கல்யாண வீடியோவுல பேச்ச யாரு டீச்சர் கேப்பா? மைக்கு வேற ஒரே கரகரப்பு. ஈப்போவுல குடுத்து அழிச்சுட்டு மியூசிக் போட்டாந்தேன். எஃபெக்ட் பாருங்க, இப்ப வரும்..."

வந்தது. மாரிமுத்து மனைவியின் விரலைப் பிடித்து இறக்கும் இடத்தில் திரை முழுக்கப் பூ கொட்டியது. அவர் முகத்தைச் சுற்றி இருதய வடிவத்தில் ஒரு வளையம்!

முதல் வரிசையிலிருந்து விமர்சனம் ஆரம்பித்தது.

"ஜெயராமன் வாயப் பாரேன், கொகை மாதிரி!"

"பாக்கியம் வெரல நீட்டுறப்ப நம்ம கண்ணையே குத்துதுலா."

"நடுவுல பாருங்கடி. எப்படி அமைதியா இருக்காரு!"

"ரெண்டு பேரையும் அவருதான அடக்குறாரு..."

டேப் முடிந்தது. நான் மேடையேறினேன். ஜெயராமனுக்கு யார்? கொஞ்சம் கைகள். பாக்கியத்துக்கு யார்? கொஞ்சம் கூடுதல் கைகள். முடிந்தது என்று நினைத்தேன்.

"எங்க முடிஞ்சிச்சு?" என்றார் முத்தம்மாக்கா. "நடுவுல உக்காந்தவருக்கு இன்னும் கேக்கலியே?"

"அக்கா, அவர் போட்டியிலேயே இல்லை!"

"பெறகு எதுக்கு அவர பெரிய நாற்காலியில, அதுவும் நடுவுல உக்கார வச்சீங்க? கோயில் கூட்டத்துல நடுவுல யாரு? தலைவரு. பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ்ல நடுவுல யாரு? துரை. நீங்களே சொல்லுங்க டீச்சர், ஓரத்துல இருக்குறவன எவனாச்சும் தலைவர்னு சொல்லுவானா?"

எந்த மேடையிலும் அதுதானே வழக்கம்?

கைகள் உயர்ந்தன. காடு மாதிரி உயர்ந்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன ஞாயிற்றுக்கிழமை இதே டேவானில் பாக்கியம் அக்காவுக்கு விசிலடித்த ஆட்களே இப்போது நடு நாற்காலிக்குக் கை தூக்கினார்கள்! அவர்கள் பேச்சை நேரில் கேட்டவர்கள். அட்டை, ஆயக்கொட்டகை, எல்லாம் கேட்டவர்கள். காது வாங்கி வைத்திருந்ததை ஆறு நாள் கழித்துக் கண் வந்து துடைத்துவிட்டுப் போய்விட்டது.

வெளியே லோரியைக் கழுவிக்கொண்டிருந்த மாரிமுத்துவை இழுத்து வந்து விஷயத்தைச் சொன்னார்கள். அவர் மனைவியைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"பாத்தீங்களா, என்னா அடக்கம்!" என்றார் முத்தம்மாக்கா.

ஜெயராமன் தலையில் கை வைத்துக்கொண்டார். "என் கெலிண்டான் எனக்குத் தலைவரா!"

திங்கட்கிழமை சாயங்காலம் பாக்கியம் அக்கா என்னைக் குழாயடியில் மடக்கினார். "ஒங்க டிபேட்டு நல்லா இருந்துச்சு டீச்சர். இந்த மனுசன் என்னியப் பொண்ணு பாக்க வந்தப்பவே இவங்க அண்ணன்தான் பேசுனாரு. இவரு போயி துரைகிட்ட லோரி கேப்பாராக்கும்! மல்லிகாவுக்கு ஒரு நல்ல கூடையா பாத்து வைங்க."

அம்மாவுக்குப் பின்னால் மல்லிகா நின்றிருந்தாள். ஸ்கூல் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"அப்பா பேசுவாரா டீச்சர்?"

"பேசுவார்," என்றேன். வகுப்பறைக்கு வெளியே சொன்னதால் அது பொய்க் கணக்கில் சேராது என்று நினைக்கிறேன்.

கிளை எலெக்‌ஷனில் மேல் டிவிஷன் ஒரே ஆளை நிறுத்தியது. ஒரே ஆள் ஜெயித்தார். சொன்னேனே, எங்களிடம் தலைகள் அதிகம்.

போன வாரம் பெரிய துரையைப் பார்க்க நேரம் கிடைத்தது. மூன்று பேர் போனோம். செயலாளர் மாரிமுத்து, கமிட்டியில் பாக்கியம் அக்கா, பேசியதை எழுத நான். ஆபீஸ் வாசலில் பாக்கியம் அக்காவை ஓரமாக அழைத்து ஒரு முறை சொல்லிக் கொடுத்தேன்: "டிபேட் ரூல் ஞாபகம் இருக்கில்ல? செயலாளர் பேசி முடிச்சபிறகுதான் நீங்க ஆரம்பிக்கணும். குறுக்கே பேசினா துரை வெளியே அனுப்பிடுவார்."

உள்ளே துரையின் நாற்காலிக்கு நேர் எதிரே பெரிய கண்ணாடி ஜன்னல். வெளியே கொழுந்து நிறுக்கும் கொட்டகை. தூறல்.

எங்களுக்கும் மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் யார் உட்கார்ந்தார் என்று சொல்ல வேண்டுமா?

"தா போலே," என்றார் துரை எடுத்த எடுப்பில். முடியாது. லோரி கொழுந்துக்கு. டீசல் என்ன விலை, பிள்ளை விழுந்தால் யார் பொறுப்பு... மலாயில் நீளமாகப் பேசி முடித்தார். பதிலுக்குக் காத்திருந்தார்.

மாரிமுத்து பேசவில்லை.

பாக்கியம் அக்கா அவர் பேசட்டும் என்று காத்திருந்தார். உதடு துடித்தது. ஆனால் ரூல் ரூல்தான். நான் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். எழுத ஒன்றுமில்லை.

துரை தொண்டையைச் செருமினார். ஜன்னலைப் பார்த்தார்... முகம் மாறியது.

நானும் திரும்பிப் பார்த்தேன். வேலியோரமாகப் பெண்கள். முதுகில் கூடை, தலையில் பிளாஸ்டிக் ஷீட். தூறலில் வரிசையாக, சத்தமில்லாமல், இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் கொழுந்து லோரி. எஞ்சின் ஓடவில்லை. ஜெயராமன் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார்.

"இது என்ன? ஸ்ட்ரைக்கா?" என்றார் துரை.

மாரிமுத்து ஜன்னல் பக்கம் திரும்பினார். பார்த்தார். துரை பக்கம் திரும்பினார். டேப்பில் செய்த அதே திருப்பம். நாதஸ்வரம்தான் இல்லை.

"சரி... இந்த வருஷம் முடிகிறவரை லோரி போகட்டும்."

மாரிமுத்து பேசவில்லை.

"சரி, சரி. அடுத்த வருஷமும் போகட்டும்."

பேசவில்லை.

"இன்னும் என்ன? மழைக்கு மேலே கென்வாஸா? போட்டுத் தரச் சொல்கிறேன்!"

கென்வாஸை யாருமே கேட்கவில்லை! என் பேனா அப்போதுதான் ஓட ஆரம்பித்தது. துரை கையெழுத்துப் போட்டபிறகுதான் நாங்கள் எழுந்தோம்.

வெளியே வந்ததும் நேராக முத்தம்மாக்காவிடம் போனேன். "அக்கா, ஸ்ட்ரைக் பண்ணப் போறீங்கன்னு என்கிட்ட யாரும் சொல்லலியே?"

"ஸ்ட்ரைக்கா? கொழுந்து எடை போட்டாச்சு, வேலை முடிஞ்சிச்சு. மாரி வாயத் தொறக்குறானா இல்லியான்னு பாக்க நின்னோம்லா. கண்ணாடியில முதுகு நல்லாத் தெரிஞ்சிச்சு, டிவி மாதிரி. சத்தம்தான் கேக்கல. தொறந்தானா?"

"இல்லக்கா."

"நெனச்சேன்."

அவர்கள் ஜன்னலில் எங்களைப் பார்த்தார்கள். துரை அதே ஜன்னலில் அவர்களைப் பார்த்தார். இரண்டு பக்கமும் சத்தம் இல்லாத படம்! பங்களாவில் தனியாக டிவி வைத்திருக்கிற, இங்கிலீஷ் பேப்பர் படிக்கிற துரையும் நம்ம முத்தம்மாக்கா மாதிரிதான் — பார்த்த படத்துக்குத் தானே ஒரு கதையைச் சேர்த்துக்கொண்டார். அமெரிக்காவில் சிவப்பு டைக்கு ஓட்டுப் போடப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு இப்போது கொஞ்சம் பாசமாகவே இருக்கிறது.

கொட்டகைப் பக்கமிருந்து பாக்கியம் அக்காவின் குரல் அடுத்த மலைவரை கேட்டது.

"ஏங்க, வாயில என்ன கொழுந்தா வச்சிருந்தீங்க? ஒரு வார்த்த பேசக் கூடாதா?"

"நீ பேசுவேன்னு இருந்தேன்."

"நீங்க பேசி முடிச்சாத்தான் நா பேசணும்னு டீச்சர் சொன்னாங்க!"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தூரத்தில் இருந்த ஒரு தேயிலைச் செடியை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் திங்கட்கிழமை புதுத் தவணை. லோரி போனது. மேலே பச்சைக் கென்வாஸ். ஜெயராமன் ஹாரனை வேண்டுமென்றே நீளமாக அடித்தார். மாரிமுத்து பின்னால் நின்று பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி ஏற்றினார். மல்லிகா ஏறியதும் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் கையை மட்டும் ஆட்டினார். வரலாம், வரலாம்.

நேற்று ரிங்லெட்டிலிருந்து அன்பு ஆள் அனுப்பியிருந்தான். கோயில் கமிட்டிக்கும் ஆள் எடுக்கப் போகிறார்களாமே, டிபேட் உண்டா? நாற்காலி இரண்டா, மூன்றா?

இரண்டு போதும் என்று சொல்லியனுப்பினேன். ஹெட்மாஸ்டர் நாற்காலி என்னிடம் இருக்கிறது... இந்தத் தடவை நடுவில் நானே உட்கார்ந்துகொள்கிறேன்.